கப்பல் சிக்னல் டிகோட் ஆகவில்லை: துறைமுகக் கப்பல் மட்டும் வருகிறது, கடல் காலியாக இருக்கிறது

நாகூர்க்காரன்:
வணக்கம். ஆர்டிஎல்-எஸ்டிஆர் டாங்கிள் (கணினியில் செருகும் சிறு ரேடியோ ரிசீவர்) வாங்கி, பழைய விண்டோஸ் லேப்டாப்பில் ஏஐஎஸ்-கேட்சர் மென்பொருள் போட்டிருக்கிறேன். ஏஐஎஸ் என்பது கப்பல்கள் தங்கள் பெயரையும் இடத்தையும் தாமாகவே அனுப்பும் ரேடியோ சிக்னல். ஸாடிக் என்ற மென்பொருளை வைத்து டாங்கிளின் டிரைவரை மாற்றியாயிற்று, டாங்கிளை மென்பொருள் கண்டுகொள்கிறது. ஆனால் வாஞ்சூரில் காரைக்கால் துறைமுகத்தில் கட்டியிருக்கும் கப்பல்கள் மட்டும்தான் வரைபடத்தில் விழுகின்றன. மாடியிலிருந்து கண்ணுக்கே தெரிகிற கப்பல்கூட வரவில்லை. வந்தவற்றிலும் சிலவற்றுக்குப் பெயர் இல்லை, ஒன்பது இலக்க அடையாள எண் மட்டும். ஆண்டெனா டாங்கிளோடு வந்த கம்பிதான், மாடிக் கைப்பிடிச் சுவரில் இருக்கிறது. கெயின் (சிக்னலைப் பெருக்கும் அளவு) உச்சத்தில், 49.6. டாங்கிள் போய்விட்டதா?

கீவளூர் ரேடியோ:
தம்பி, அதை மூடிவிட்டு அலைவரிசைகளைத் திரையில் காட்டும் எஸ்டிஆர்-ஷார்ப் மென்பொருளில் 162 மெகாஹெர்ட்ஸை நடுவில் வைத்துப் பாருங்கள். ஏஐஎஸ்ஸுக்கு 161.975, 162.025 என்று இரண்டே அலைவரிசை. இரண்டிலும் கண் சிமிட்டும் நேரத்துக்குக் கோடுகள் வந்து மறைய வேண்டும். அப்புறம் எஃப்எம் முறையில் காதிலும் கேட்டுச் சொல்லுங்கள்.

நாகூர்க்காரன்:
அண்ணே, கோடே தெரியவில்லை. பாட்டு கேட்கிறது! காரைக்கால் பண்பலை. 100.3-ல் வர வேண்டியது இங்கே எப்படி?

கீவளூர் ரேடியோ:
நினைத்தேன். டாங்கிள் நன்றாகத்தான் இருக்கிறது. நாதஸ்வரத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு வாசலில் பேசுகிறவரைக் கேட்கப் பார்ப்பது போல ஆகிவிட்டது அதன் பாடு. பண்பலை சிக்னல் டாங்கிளின் முன்பகுதியைத் திணறடிக்கிறது, அதனால் இல்லாத இடத்திலெல்லாம் அதன் நிழல் விழுகிறது. பலமான துறைமுகக் கப்பல் தப்பி வருகிறது, மற்றவை அமுங்கிப் போகின்றன. தூரத்துக் கப்பல் வேண்டும் என்று எல்லோரும் கெயினை ஏற்றுவார்கள். உங்கள் ஊரில் இறக்க வேண்டும். தானியங்கி கெயினையும் அணைத்துவிட்டு, 30 பக்கம் தொடங்கி மேலும் கீழும் நகர்த்துங்கள். பாட்டு மறைந்து கோடுகள் தெளிகிற இடம்தான் உங்கள் அளவு.

அது போதாவிட்டால் பண்பலைத் தடுப்பு ஃபில்டர் விலைக்குக் கிடைக்கிறது. காசு வேண்டாம் என்றால் கேபிள் டிவி ஆர்ஜி-6 வயரில் சுமார் 62 செ.மீ. துண்டு எடுத்து, டாங்கிளுக்குப் பக்கத்தில் டி (T) வடிவக் கனெக்டரில் மாட்டுங்கள். மறுமுனை திறந்தே இருக்கட்டும், உள்கம்பியும் வலையும் ஒட்டக்கூடாது. 100.3-க்கு அது கிட்டத்தட்ட ஷார்ட் ஆகிவிடும், 162-ல் இழப்பு சொற்பம். கொஞ்சம் நீளமாகவே வெட்டி, பாட்டு அடங்கும்வரை நறுக்கி நறுக்கிச் சரிசெய்யுங்கள். கேபிள்காரர் தரும் ஸ்ப்ளிட்டர் பெட்டி இதற்கு ஆகாது.

வேதாரண்யம் டீச்சர்:
ஆண்டெனாவையும் மாற்றுங்கள். ஒரு கை 44 செ.மீ., இரண்டு கை, செங்குத்தாக நிற்கும் டைபோல். கப்பல் ஆண்டெனா செங்குத்தானது, நம்முடையதைப் படுக்கவைத்தால் பாதிக்கு மேல் வீண். அப்படியே என் சந்தேகம் ஒன்று: மீன்பிடிப் படகுகள் ஏன் தெரிவதில்லை?

கீவளூர் ரேடியோ:
டீச்சர், பன்னாட்டுப் பயணம் போகும் 300 டன்னும் அதற்கு மேலும் உள்ள கப்பல்களுக்கும், உள்நாட்டில் ஓடும் 500 டன்னும் அதற்கு மேலும் உள்ள சரக்குக் கப்பல்களுக்கும், பயணிகள் கப்பல்களுக்கும்தான் பன்னாட்டு விதிப்படி ஏஐஎஸ் கருவி கட்டாயம். ஃபைபர் படகில் அந்தக் கருவியைப் பார்ப்பது அபூர்வம். தம்பி, பெயர் வராததற்குக் காரணம் வேறு. ஓடும் பெரிய கப்பல் தன் இடத்தைச் சில நொடிக்கு ஒருமுறை சொல்லும், நங்கூரம் போட்டால் மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை. பெயரும் போகுமிடமும் ஆறு நிமிடத்துக்கு ஒருமுறைதான். அந்தச் செய்தி நீளம், சிக்னல் மங்கினால் முதலில் சிதைவது அதுதான். எண் 419 என்று தொடங்கினால் இந்தியக் கப்பல்.

நாகூர்க்காரன்:
கெயின் 29.7-ல் பாட்டு போய்விட்டது, வயர்த்துண்டு போட்டதும் கடல் நிறைந்துவிட்டது! பெயர்களும் வருகின்றன. ஆனால் மத்தியானத்தில் எண்ணிக்கை குறைகிறது. 35 கிலோமீட்டருக்கு அப்பால் ஒன்றுமே இல்லை.

கீவளூர் ரேடியோ:
மத்தியானக் குறைவு சூட்டினால் இருக்கலாம். மலிவு டாங்கிளில் சூடேறினால் அதிர்வெண் நகரும். 162-ல் ஒரு பிபிஎம் (பத்து லட்சத்தில் ஒரு பங்கு) நகர்வு என்பது 162 ஹெர்ட்ஸ், 50 என்றால் 8 கிலோஹெர்ட்ஸ் தள்ளிப்போய்விடும். நிழலில் வைத்து, சூடான பிறகு பிபிஎம் திருத்தம் போடுங்கள். தூரம் அடிவானக் கணக்கு: உங்கள் ஆண்டெனா 10 மீட்டர், கப்பலுடையது 25 மீட்டர் என்றால் 34 கிலோமீட்டர்தான் வரும். கம்பத்தை உயர்த்தினால் கூடும். ஐப்பசி அடைமழைக்கு முன் கனெக்டரில் தண்ணீர் புகாமல் ரப்பர் டேப் சுற்றிவிடுங்கள், இடி இடித்தால் கேபிளைக் கழற்றிவிடுங்கள்.