மைனர் செவன்த்: 'மென்னாற்கூட்டு' சரிவருமா?

> மைனர் செவன்த் கார்டுக்குச் 'சிறு ஏழாம் நாண்' என்று வைத்துவிடலாம். நேரான மொழிபெயர்ப்பு, வம்பில்லை.

வணக்கம். நேரானதுதான் ஐயா, ஆனால் அதை வைத்துக்கொண்டு உகுலேலே (கிடார் மாதிரியான நாலு தந்திச் சிறு வாத்தியம்) சொல்லிக்கொடுக்க முடியாது. கோத்தகிரியில் அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் சிலருக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் கற்றுத் தருகிறேன், அங்கே எது நாவில் நிற்கிறது என்று பார்த்துத்தான் எழுதுகிறேன்.

முதலில் நாண், அதாவது பல சுரங்கள் ஒன்றாக ஒலிக்கிற கார்டு. கணக்குப் பாடத்தில் வட்டத்தின் நாணைப் படித்த பிள்ளைக்கு அது ஒரு கோடு. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே எழுத்துக்கூட்டு என்றாலும் பிறப்பு வேறு: வட்டத்து நாண் கிரேக்கத்தில் நரம்பைக் குறித்த சொல்லிலிருந்து வந்தது, இசையில் உள்ளது இணக்கம் என்று பொருள்படும் 'அக்கார்டு' என்பதன் குறுக்கம். எனவே 'கூட்டு' போதும். (பூசணிக்காய்க் கூட்டு நினைவுக்கு வருகிறதே என்று யாராவது எழுதப்போகிறீர்கள். வரட்டுமே, பிள்ளைகளுக்கு மறக்காது.) மூன்று சுரம் சேர்ந்தால் முக்கூட்டு, நான்கு சேர்ந்தால் நாற்கூட்டு.

அடுத்து 'சிறு ஏழாம்'. இதில்தான் உண்மையான சிக்கல். அடிச்சுரத்திலிருந்து எண்ணினால் எது சிறு, மூன்றாம் சுரமா ஏழாம் சுரமா? மைனர் செவன்த் என்பது ஓர் இடைவெளியின் பெயர், பத்து அரைச்சுரம் (அடுத்தடுத்த இரண்டு சுரத்தானங்களுக்கு இடையே உள்ள தூரம் ஓர் அரைச்சுரம்). அதே பெயரில் ஒரு கார்டும் இருக்கிறது, அதில் மூன்றாவதும் சிறியது, ஏழாவதும் சிறியது. சும்மா 'செவன்த்' என்கிற கார்டிலோ ஏழாவது சிறியது, மூன்றாவது பெரியது. 'சிறு ஏழாம் நாண்' என்றால் இது இரண்டில் எதற்கும் பொருந்தும்.

வாத்தியத்தை எடுத்துப் பாருங்கள். தந்திகள் ஜி, சி, ஈ, ஏ. கடைசித் தந்தியான ஏ-யின் மூன்றாம் மெட்டை மட்டும் அழுத்தி மீட்டினால் சி மேஜர். (ஃபிரெட்டுக்கு வீணைக்காரர்களின் மெட்டு இருக்க, புதுச்சொல் எதற்கு?) விரலை இரண்டாம் மெட்டுக்கு இறக்கினால் சி மேஜர் செவன்த், முதல் மெட்டுக்கு இறக்கினால் சி செவன்த். விரலையே எடுத்துவிட்டால் நாலு தந்தியும் வெறுமனே ஒலிக்கின்றன, அதுதான் ஏ மைனர் செவன்த். மார்கழி, தை உறைபனியில் விரல் விறைத்துப்போய் வருகிற பிள்ளைக்கு நான் முதலில் தருவது இதைத்தான், அழுத்தவே வேண்டாமே! அப்புறம் விரல் சூடானதும் ஆள்காட்டி விரலை நாலு தந்திக்கும் குறுக்கே மூன்றாம் மெட்டில் படுக்கவைத்தால் சி மைனர் செவன்த், ஐந்தாம் மெட்டில் டி மைனர் செவன்த்.

கர்நாடக சங்கீதம் தெரிந்தவர்களுக்கு ஒரே வரி: ச, சாதாரண காந்தாரம், ப, கைசிகி நிஷாதம். மத்திமத்தையும் சேர்த்துக்கொண்டால் சுத்த தன்யாசி. தமிழிசைக்காரர்கள் இதையே குரல், மென்கைக்கிளை, இளி, மென்தாரம் என்பார்கள். இரண்டு நிலை உள்ள சுரங்களில் தாழ்ந்தது மென், உயர்ந்தது வன் என்ற வழக்கு நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது. ஜெர்மன்காரர்களும் மேஜரை 'டூர்', மைனரை 'மோல்' என்கிறார்கள், லத்தீனில் வன்மை, மென்மையைக் குறித்த சொற்களிலிருந்து வந்தவை. ஆக மைனருக்கு 'சிறு' தேவையில்லை, 'மென்' போதும். மைனர் என்றே விட்டால் சில்க் ஜிப்பாவும் தங்கச் சங்கிலியும்தான் கண்முன் வருகின்றன.

என் பரிந்துரை இதுதான். கைக்கிளையும் (மூன்றாவது) தாரமும் (ஏழாவது) இரண்டுமே மென்மையாக இருந்தால் மென்னாற்கூட்டு, இரண்டுமே வன்மையாக இருந்தால் வன்னாற்கூட்டு, அதாவது மேஜர் செவன்த். 'தாரம்' சொல்லுக்குள் வராததால், தார ஸ்தாயியோடு குழப்பமும் இல்லை, மனைவி என்று யாரும் சிரிக்கவும் வழியில்லை.

> வெறும் தந்தியில் வருவது சி சிக்ஸ்த் அல்லவா? அதை எப்படி மைனர் செவன்த் என்கிறீர்கள்?

இரண்டும்தான் தம்பி. சி, ஈ, ஜி, ஏ என்ற அதே நாலு சுரம். ஏ-யைக் குரலாக, அதாவது அடிச்சுரமாகக் கொண்டால் மென்னாற்கூட்டு, சி-யைக் குரலாகக் கொண்டால் வன்முக்கூட்டோடு (மேஜர் கார்டு) வன்விளரி (ஆறாவது சுரம்) சேர்ந்தது. குரல் மாறினால் பண் மாறும் என்பது நமக்குப் புதிதா என்ன? அடியில் பேஸ் கிடார் எதை வாசிக்கிறது, பாட்டு எங்கே போய் இறங்குகிறது என்பதைக் கேட்டுத்தான் பெயரைச் சொல்ல முடியும். உகுலேலேயில் ஜி தந்தியும் மேல் சுருதியில் இருப்பதால் காதுக்கு அந்தத் துப்பு சுலபமாகக் கிடைப்பதில்லை.

மிச்சமிருப்பது சி செவன்த் வகை: வன்கைக்கிளை, மென்தாரம். 'கலப்பு நாற்கூட்டு' என்று எழுதிப் பார்த்தேன், ஆனால் மென்கைக்கிளையும் வன்தாரமும் சேர்கிற கூட்டு ஒன்றும் இருக்கிறதே, அதுவும் கலப்புதானே. இரண்டையும் பிரித்துக் காட்டுகிற, பிள்ளைகள் வாயில் நுழைகிற சொல் யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள்.