புதுப்பிப்பு: உடைந்த கார் கண்ணாடியை நானே மாற்றிவிட்டேன்

போன வாரம், காரின் பின்கதவுக் கண்ணாடியை யாரோ உடைத்துப் பையைத் தூக்கிக்கொண்டு போன கதையைச் சொல்லி, நாமே மாற்ற முடியுமா என்று கேட்டிருந்தேன். முடியும். நேற்று மாற்றிவிட்டேன்.

கண்ணாடியைப் பொருத்துவது பெரிய வேலையே இல்லை. உயிரை எடுத்தது துணுக்குகள்தான். பக்கக் கண்ணாடி டெம்பர்ட் வகை (சூடாக்கிச் சட்டென்று குளிரவைத்து உறுதியாக்கியது) என்பதால் கற்கண்டு மாதிரி உதிர்ந்து, பாதி கதவுக்குள்ளே விழுந்து கிடந்தது. உள் பேனலைக் கழற்றி, வேக்குவம் கிளீனரால் உறிஞ்சிவிட்டுக் கதவைத் தட்டினால் மறுபடியும் கலகலவென்று சத்தம். இப்படி மூன்று முறை! கண்ணாடி ஏறி இறங்கும் ரப்பர் பள்ளத்திலும் துணுக்குகள் இருந்தன. அதைக் கவனிக்காமல் விட்டிருந்தால் புதுக் கண்ணாடியில் கீறல் விழுந்திருக்கும். கதவின் அடியில் மழைநீர் வடியும் துளைகளையும் பாருங்கள்; எனக்கு ஒன்று அடைத்திருந்தது.

பேனல் கிளிப்புகளில் இரண்டு உடைந்தன. முன்பே வாங்கி வைத்திருக்கலாம். பேனலுக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் தாளைக் கிழிக்காமல் உரியுங்கள், தண்ணீர் உள்ளே வராமல் தடுப்பது அதுதான்.

அப்புறம், பட்டனை ஒருமுறை அழுத்தினால் தானாக ஏறும் வசதி வேலை செய்யவில்லை. பயந்துவிட்டேன். கார் கையேட்டில் சொன்னபடி கண்ணாடியை முழுக்க ஏற்றி, பட்டனைச் சில விநாடிகள் விடாமல் பிடித்ததும் சரியாகிவிட்டது.

பைதான் இன்னும் கிடைக்கவில்லை.