அடிக்கிறான் என்று புகார்; அஞ்சுகிறானோ என்று எனக்குச் சந்தேகம்

கேள்வி:
ஏழாம் வகுப்பு படிக்கும் என் மகன் சென்ற ஆண்டு வரை யாரிடமும் கைநீட்டியதில்லை. ஜூனில் பள்ளி திறந்ததிலிருந்து, பின்னாலிருந்து யாராவது தோளைத் தொட்டாலே திரும்பி அடித்துவிடுகிறான் என்று வகுப்பாசிரியர் இரண்டு முறை என்னை அழைத்துச் சொல்லிவிட்டார். ஞாயிறு இரவானால் வயிற்றுவலி என்கிறான். காலையில் நிரப்பிக் கொடுக்கும் தண்ணீர் பாட்டில் மாலையில் அப்படியே திரும்பி வருகிறது. செல்லம் கொடுத்துக் கெடுத்துவிட்டேன் என்கிறார் என் மாமியார். இது வயதுக்கோளாறுதானா?

மறுமொழி 1 (அரசுப் பள்ளி ஆசிரியர்):
அந்தத் தண்ணீர் பாட்டிலைத்தான் முதலில் கவனிக்க வேண்டும். கழிப்பறைப் பக்கம் போக அஞ்சும் பிள்ளைகள் தண்ணீர் குடிப்பதையே நிறுத்திவிடுவார்கள். நாள் முழுவதும் சிறுநீரை அடக்கிக்கொண்டு நெளிகிற பிள்ளையைத்தான் நாங்கள் ‘ஓரிடத்தில் உட்காருவதில்லை’ என்று குறை சொல்கிறோம். நானும் அப்படி ஒருவனைத் தண்டனையாக வராந்தாவில் நிறுத்தியிருக்கிறேன். அவன் அஞ்சியதே பெரிய வகுப்புப் பையன்கள் நடமாடும் அந்த வராந்தாவுக்குத்தான் என்பது பல வாரங்கள் கழித்தே எனக்குத் தெரிந்தது.

மறுமொழி 2 (குழந்தைகள் மனநல ஆலோசகர்):
அச்சம் நாள்தோறும் தொடரும்போது மூளையில் ஆபத்தை உணரும் அமிக்டலா எந்நேரமும் விழிப்பாகவே இருப்பதால், நிதானித்து முடிவெடுக்கும் மூளையின் முன்பகுதி தலையிடுவதற்குள் கை முந்திக்கொள்கிறது. இதே அச்சம் இன்னொரு பிள்ளையை வாய் திறக்காமல் ஆக்கிவிடும். அந்தப் பிள்ளையைப் பற்றி யாரும் புகார் சொல்வதில்லை என்பதுதான் வேதனை. “யார் அடித்தார்கள்?” என்று கேட்காதீர்கள். பள்ளியை வரையச் சொல்லி, எந்த இடம் பிடிக்கும், எங்கே போகப் பிடிக்காது என்று கேளுங்கள்.

மறுமொழி 3 (நெல்லையிலிருந்து ஒரு தாய்):
அச்சத்துக்குக் காரணம் ஆசிரியராகவும் இருக்கலாம் என்பதை மறக்க வேண்டாம். உடல் தண்டனையையும் மன உளைச்சல் தருவதையும் 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், 17ஆம் பிரிவில் தடை செய்கிறது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் வெட்டப்பட்ட மாணவர் அதற்கு முன் சில நாள்களாகப் பள்ளிக்கே போகாமல் இருந்தார். ஏன் என்று விசாரித்தபோதுதான் சக மாணவர்களின் சாதியக் கொடுமை வெளியே வந்தது, புகார் போன பிறகு வீடு தேடி வந்து வெட்டினார்கள். ஆகவே புகார் கொடுக்கும்போதே, அன்று மாலை முதல் பிள்ளைக்கு என்ன பாதுகாப்பு என்றும் கேளுங்கள். பள்ளி அசட்டை செய்தால் பள்ளிக் கல்வித் துறையின் உதவி எண்ணான 14417 அல்லது குழந்தைகள் உதவி எண்ணான 1098-ஐ அழையுங்கள்.

கேட்டவர்:
நேற்று வரையச் சொன்னேன். கழிப்பறைக்குப் போகும் வழியில் மாடிப்படியைக் காட்டி, இடைவேளையில் அங்கே இரண்டு அண்ணன்கள் நிற்பார்கள் என்றான். மேலே கேட்கவில்லை. திங்களன்று தலைமையாசிரியரைப் பார்க்கப் போகிறேன்.