'அண்டர்டோன்' என்பதற்குத் தமிழில் என்ன சொல்லலாம்?

குழுவினருக்கு வணக்கம்.

வீட்டுச் சுவருக்கு நிறம் தேர்ந்தெடுப்பது பற்றித் தமிழில் ஒரு கையேடு தயாராகிறது. அதன் மாதிரிப் பக்கத்தை இத்துடன் இணைத்திருக்கிறேன். பிரைமர், பட்டி, எமல்ஷன், எனாமல் எல்லாம் பேச்சில் ஊறிவிட்ட சொற்கள் என்பதால் அப்படியே விட்டுவிட்டோம். மாட்டிக்கொண்டு நிற்பது ஒரே சொல்லில்தான்: அண்டர்டோன்.

பொருளைச் சொல்லிவிடுகிறேன். கடையில் கொடுக்கும் ஷேட் கார்டில் பத்துப் பன்னிரண்டு வெள்ளைகள் இருக்கும். தனித்தனியே பார்த்தால் எல்லாம் வெள்ளைதான். இரண்டை ஒட்டி வைத்தால் ஒன்றில் மஞ்சள் தெரியும், மற்றதில் ரோஸ் தெரியும். சாம்பல் நிறத்தில் இது இன்னும் மோசம். கார்டில் சாம்பலாக இருந்தது சுவரில் ஏறியதும் ஊதாவாக நிற்கும். பெயருக்குரிய நிறத்தின் உள்ளிருந்து வெளிப்படும் அந்த இரண்டாவது நிறத்துக்குத்தான் சொல் வேண்டும். தரையோடும் கதவோடும் சுவர் ஏன் சேரவில்லை என்ற கேள்விக்கு விடை பெரும்பாலும் இதில்தான் இருக்கிறது. எனவே இந்தச் சொல் அமையாமல் அத்தியாயத்தைத் தொடங்க முடியவில்லை.

அடிநிறம், கீழ்நிறம், உட்சாயல் என்று மூன்றைக் குறித்து வைத்திருக்கிறோம். 'அடிநிறம்' சுருக்கமாக இருப்பதால் அதையே எடுத்துக்கொள்ளலாமா?

* * *

ஐயா, வணக்கம்.

'அடிநிறம்' வேண்டாம். பெயிண்டரிடம் "அடிநிறம் என்ன?" என்று கேட்டால் முதல் கோட் என்ன என்றுதான் எடுத்துக்கொள்வார். கடைக்காரர், டின்டிங் மெஷினில் நிறம் கலப்பதற்கு வைக்கும் பேஸ் டப்பாவை நினைப்பார். இருவரும் தவறில்லை, 'அடி' என்றால் அவர்கள் தொழிலில் அதுதான். 'கீழ்நிற'த்துக்கும் இதே சிக்கல். அண்டர்டோன் என்பது மேல்நிறத்துக்குக் கீழே இன்னொரு அடுக்காகப் படுத்திருப்பதில்லை. ஒரே கலவைக்குள் கலந்திருப்பது. அடுக்கைக் காட்டும் சொல் எதுவானாலும் வாசகர் தலையில் தவறான படத்தை ஏற்றிவிடும்.

அது எங்கிருந்து வருகிறது என்று பார்த்தால் சொல்லும் கிடைக்கும் என்று நினைக்கிறேன். வெள்ளை பேஸில் நிறம் தருவது டைட்டானியம் டை ஆக்சைடு. அதில் கறுப்பு மட்டும் சில துளி விட்டால் கிடைப்பது பெரும்பாலும் நடுநிலைச் சாம்பல் அல்ல, நீலச் சாம்பல். கறுப்பில் நிறம் தருவது கரித்துகள். வெள்ளையோடு சேரும்போது அது நீலத்தை எடுத்துக் காட்டும். அதை அடக்க மஞ்சள் ஆக்சைடோ, அம்பர் என்னும் பழுப்பு மண்நிறமியோ சேர்ப்பார்கள். அது ஒரு சொட்டு கூடினால் சாம்பல் பச்சைக்குப் போய்விடும். சிவப்பு ஆக்சைடு கூடினால் ரோஸுக்குப் போகும். ஆக, ஒவ்வொரு மென்நிறமும் ஏதோ ஒரு பக்கம் போய்க்கொண்டிருக்கிறது.

இதற்கு நம்மிடம் வினைச்சொல் ஏற்கெனவே உண்டு. புடவைக் கடையில் "இந்த வெள்ளை கொஞ்சம் மஞ்சள் அடிக்குது" என்று சாதாரணமாகச் சொல்கிறோம். எழுத்துத் தமிழில் 'ஓடுதல்' இருக்கிறது: செவ்வரி ஓடிய கண். மணிக்கல் பார்ப்பவர்கள் 'நீரோட்டம்' பார்க்கிறார்கள். அதுவும் கல்லின் மேலே இல்லாமல் உள்ளேயிருந்து தெரிவதுதான். ஆகவே என் முன்மொழிவு நிறவோட்டம். வழக்கில் 'மஞ்சள் ஓட்டம்', 'பச்சை ஓட்டம்' என்று நிறத்தைச் சேர்த்தே சொல்லலாம். வினையாகவும் வளையும்: மஞ்சள் ஓடும் வெள்ளை, பச்சை ஓடும் சாம்பல். 'உட்சாயல்' அழகான சொல்தான். ஆனால் ஷேடுக்கே பலர் சாயல் என்று எழுதுகிறார்கள், இரண்டும் குழம்பும்.

நம் ஊரில் இந்தக் கருத்து புதிதும் இல்லை. சுண்ணாம்பு அடிக்கும்போது வாளியில் கொஞ்சம் நீலம் கரைத்து ஊற்றுவார்களே, அது எதற்கு? சுண்ணாம்பில் இருக்கும் மஞ்சள் ஓட்டத்தை நீலத்தால் அடக்கத்தான். வேட்டிக்கு நீலம் போடுவதும் அதே கணக்கு. சுண்ணாம்பு கடுமையான காரம், பல சாயங்கள் அதில் வெளுத்துவிடும். அல்ட்ராமெரின் நீலம் காரத்துக்கு அசையாது என்பதால்தான் அது சுவரில் நின்றது. நீலம் கூடிப்போனால் வெள்ளையடித்த வீடு வெளிர்நீல வீடாகிவிடும். "அடக்குவது வேறு, ஏற்றுவது வேறு" என்று விளக்க இதைவிட நல்ல உதாரணம் கையேட்டுக்குக் கிடைக்காது.

* * *

வணக்கம். இலங்கையிலிருந்து எழுதுகிறேன்.

'நிறவோட்டம்' எனக்கும் பிடித்திருக்கிறது. இரண்டு ஐயங்கள்.

முதலாவது, பெயின்ற் என்பது ஓடுகிற பொருள். தண்ணீர் கூடினால் சுவரில் ஓடி இறங்கும். 'பச்சை ஓடும் சுவர்' என்றால் பச்சை பெயின்ற் வழிகிறது என்று ஒருவர் வாசிக்கக்கூடும்.

இரண்டாவது, கையேட்டின் மாதிரிப் பக்கத்தில் ஒளியால் நிறம் மாறுவதையும் அண்டர்டோனையும் ஒன்றாக எழுதி, இரண்டுக்கும் 'மெட்டமெரிசம்' என்று பெயர் கொடுத்திருக்கிறீர்கள். அது பிழை. ஒரே சுவர் பகலில் ஒரு மாதிரியும் இரவில் வேறு மாதிரியும் தெரிவது மெட்டமெரிசம் அல்ல. அதற்கு இரண்டு பொருள் வேண்டும்: திரைச்சீலையும் சுவரும் கடை விளக்கில் ஒரே நிறமாகப் பொருந்தி, வீட்டு விளக்கில் பிரிந்து நிற்பதுதான் அது. காரணம், இரண்டும் வெவ்வேறு நிறமிகளால் ஒரே நிறத்தை எட்டியிருப்பது. அதனால் 'ஒளிசார் பொருத்தம்' என்று வைக்கலாம். பொருத்தம் ஓர் ஒளியில் மட்டுமே நிற்கிறது என்பது சொல்லிலேயே தெரிகிறது.

கார்டின் பின்புறத்தில் எல்ஆர்வி என்று ஓர் எண் இருக்குமே, அதையும் பேசிவிடுவோம். முழுக் கறுப்புக்கு 0, முழு வெள்ளைக்கு 100. விழும் ஒளியில் நிறம் எவ்வளவைத் திருப்பி அனுப்புகிறது என்ற அளவு அது. தமிழ்நாட்டுப் பாடநூல்களில் 'எதிரொளிப்பு', எங்கள் பாடநூல்களில் 'தெறிப்பு'. 'ஒளித்தெறிப்பு எண்' என்று வைத்தால் இரு கரையிலும் புரியும் என்பது என் எண்ணம். ஆனால் இந்த எண் வெளிச்சத்தை மட்டும்தான் சொல்லும். 80 எண் உள்ள இரண்டு வெள்ளைகளில் ஒன்று ரோஸ் ஓடலாம், மற்றது பச்சை ஓடலாம். எண் ஒன்றாக இருக்கிறதே என்று உட்கூரைக்கு ஒன்றும் சுவருக்கு மற்றதுமாக வாங்குவதுதான் நடக்கிற தவறு.

* * *

அம்மா, மெட்டமெரிசம் பற்றிய திருத்தம் முழுக்கச் சரி. 'ஒளிசார் பொருத்தம்' நிற்கட்டும்.

வழிவதற்குத் தொழிலில் 'வழியுது', 'ஒழுகுது' என்பார்கள். 'சுவர் பச்சை ஓடுது' என்று தனியே எழுதாமல், 'பச்சை ஓட்டமுள்ள சாம்பல்' என்று பெயர்ச்சொல்லாகவே கையேடு முழுவதும் எழுதினால் குழப்பம் வராது. பேச்சு நடையில் வரும் இடங்களில் 'பச்சை அடிக்குது' போதும்.

இன்னொரு எல்லையும் கட்ட வேண்டும். எண்ணெய் எனாமல் வெள்ளை, வெளிச்சம் படாத இடத்தில் நாளடைவில் மஞ்சளாகும். பீரோ மறைத்த கதவுப் பக்கத்தில் பார்க்கலாம். அது ஓட்டம் அல்ல, காலத்தால் வரும் மாற்றம். அதற்குப் 'பழுப்பேறுதல்' இருக்கிறது. வாங்கும்போதே இருப்பது ஓட்டம், வாங்கிய பின் வருவது ஏற்றம். நீல ஓட்டமுள்ள சுவருக்கு நடுவே எனாமல் கதவு பழுப்பேறினால் இரண்டும் ஒன்றையொன்று காட்டிக்கொடுக்கும். கதவுக்குத் தண்ணீர் கலக்கும் எனாமல் வாங்கினால் இந்தத் தொல்லை குறைவு.

இனி, ஓட்டத்தைக் கண்டுபிடிக்கும் முறை. மாதிரிப் பக்கத்தில் 'கார்டை ஏ4 தாளின் மேல் வைத்துப் பார்க்கவும்' என்று இருக்கிறது. இதை எடுத்துவிடுங்கள். ஜெராக்ஸ் தாளில் பளிச்சிடும் ரசாயனம் சேர்ப்பதால் தாளே பகலில் நீலம் அடிக்கும். அதன் மேல் எந்த வெள்ளையை வைத்தாலும் மஞ்சளாகத் தெரியும். நம்பகமான வழி, ஐந்தாறு வெள்ளைகளை ஒன்றோடொன்று ஒட்டி வைப்பது. கார்டில் அதே நிறப் பட்டையின் கடைசியில் இருக்கும் அடர் நிறத்தைப் பார்ப்பதும் உதவும், மென்நிறம் எந்தப் பக்கம் போகிறது என்று அது பெரும்பாலும் சொல்லிவிடும்.

அடுத்து பலகை. இரண்டடிக்கு இரண்டடி பிளைவுட் துண்டில் பிரைமர் அடித்து, ஓரத்தில் இரண்டு அங்குலம் வெள்ளையாக விட்டு, இரண்டு கோட் அடிக்க வேண்டும். இதற்கு 60–70 மில்லி போதும், 200 மில்லி மாதிரி டப்பாவில் மூன்று பலகை வரும். பழைய சுவரின் மேலேயே திட்டாக அடித்துப் பார்க்கச் சொல்லக் கூடாது. சுற்றியிருக்கும் பழைய நிறம் கண்ணை ஏமாற்றும். ஈரத்தில் முடிவெடுக்கவும் கூடாது, எமல்ஷன் காய்ந்தால் பெரும்பாலும் ஒரு படி அடர்ந்துவிடும். மறுநாள் காலை, நடுப்பகல், விளக்கு போட்ட பிறகு என்று மூன்று வேளை, நான்கு சுவரிலும் சாய்த்து வைத்துப் பார்க்க வேண்டும். தரைக்கு அருகே ஒருமுறை. சிவப்புக் காவித் தரை இருந்தால் சுவரின் கீழ்ப்பாதிக்கும் உட்கூரைக்கும் சிவப்பைத் தெறிக்கும். அங்கே ரோஸ் ஓட்டமுள்ள வெள்ளை போட்டால் அறையே ரோஸாகும். சன்னலுக்கு வெளியே வேப்பமரம் என்றால் பச்சை வரும்.

விளக்கைப் பற்றி ஒரு வரி சேருங்கள். நீலம் கலந்த வெள்ளை வெளிச்சம் தரும் 6500 கெல்வின் டியூப் லைட்டில் மஞ்சள் ஓட்டம் ஒடுங்கி, நீல ஓட்டம் துருத்தும். மஞ்சள் வெளிச்சம் தரும் 2700–3000 கெல்வின் பல்பில் தலைகீழ். பல்பை மாற்றுவது சுவரை மாற்றுவதைவிட மலிவு, ஆகவே எந்த விளக்கு என்று முதலில் முடிவு செய்துவிட்டுப் பலகையைப் பார்க்கச் சொல்லலாம்.

'வடக்குப் பார்த்த அறைக்கு நீல வெளிச்சம்தான் வரும், மஞ்சள் ஓட்டமுள்ள நிறம் போடுக' என்ற பத்தி ஐரோப்பாவுக்குப் பொருந்தும். சென்னையில் ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் நடுப்பகுதி வரை நண்பகல் சூரியனே வடக்கில்தான் நிற்கிறது. அந்த மாதங்களில் வடக்குச் சுவரிலும் நேர்வெயில் படும்.

* * *

யாழ்ப்பாணத்தில் அந்தக் காலம் இன்னும் நீளம்: ஏப்ரல் நடுவிலிருந்து ஆகஸ்ட் கடைசி வரை. அந்தப் பத்தியைத் திருத்தி எழுதவே வேண்டும்.

வெளிச்சுவருக்கும் ஒரு குறிப்பு. வெயிலில் கரிம (ஆர்கானிக்) நிறமிகள் சில முன்னே வெளுக்கும், ஆக்சைடு நிறமிகள் நிற்கும். கலவையில் இரண்டும் இருந்தால் சில ஆண்டுகளில் ஒன்று போய் மற்றது மட்டும் மிஞ்சி, ஓட்டமே மாறிவிடும். இதை 'ஓட்டம் திரிதல்' எனலாமா? காவி, மண்மஞ்சள் போன்றவை வெளியே நீடிப்பதன் காரணமும் இதுதான்.

* * *

இருவருக்கும் நன்றி. 'ஓட்டம் திரிதல்' சேர்கிறது. பால் திரிவதுபோல் கெடுதலைச் சொல்லும் சொல், இடத்துக்குப் பொருந்துகிறது. 'ஒளித்தெறிப்பு எண்' ஏற்கிறோம், முதல் இடத்தில் மட்டும் 'எதிரொளிப்பு' என்ற விளக்கம் வரும். தலைச்சொல் பதிவு இப்படி:

நிறவோட்டம் (பெ.): ஒரு நிறத்தின் கலவைக்குள் கலந்திருந்து, பக்கத்தில் வேறு நிறம் வரும்போதோ ஒளி மாறும்போதோ வெளித்தெரியும் இரண்டாம் நிறம். எ-டு: ரோஸ் ஓட்டமுள்ள வெள்ளை, நீல ஓட்டமுள்ள சாம்பல். பேச்சில்: ரோஸ் அடிக்குது. பழுப்பேறுதல், ஓட்டம் திரிதல் காண்க.

நான்கு மை அச்சில் இந்த நுண்ணிய வேறுபாடு நம்பகமாக வராது என்பதால் அந்தப் பக்கத்தில் நிறப்படம் போடவில்லை. ஆறு வெற்றுக் கட்டங்களை ஒட்டி ஒட்டி விடுகிறோம். வாசகர் கடையிலிருந்து ஆறு வெள்ளைக் கார்டுகளை வாங்கி வந்து, வெட்டி, அவற்றில் ஒட்டிக்கொள்ள வேண்டும்.