சாவி யார் இடுப்பில்?

செந்தூல் கணக்கர்:
நேற்று பினாங்குப் பக்கத்துப் பிறை வாசகர் ஒரு தீர்ப்பு வழங்கியிருக்கிறார். தமிழ்ப்பள்ளி வளாகத்திலேயே தாஸ்கா என்னும் குழந்தைக் காப்பகத்தையும் வைத்து, இரண்டையும் தலைமையாசிரியரே நடத்த வேண்டுமாம். “ஒரே வாசல், ஒரே சாவி போதும்” என்கிறார். படித்ததும் எனக்குப் புரையேறிவிட்டது. பள்ளி மதியம் 1.30-க்கு முடியும். தாஸ்காப் பிள்ளையை அழைத்துப்போகத் தாய் வந்து சேர மாலை 6.30 ஆகும். அந்த ஐந்து மணி நேரம் சாவி யார் இடுப்பில் இருக்கும்?

பிறை வாசகர்:
இங்கிலாந்தில் ‘ஷுவர் ஸ்டார்ட்’ மையங்கள் 2010-இல் 3,500-க்கும் மேல் இருந்தன. பாலர் வகுப்பு, தாதியர், பெற்றோருக்கு ஆலோசனை, எல்லாம் ஒரே இடத்தில். பல மையங்கள் பள்ளி வளாகத்திலேயே இருந்தன. ஐயா சாவியை விட்டு மேலே வரலாமே.

செந்தூல் கணக்கர்:
2010-க்குப் பிறகு செலவைக் குறைக்கிறோம் என்று நூற்றுக்கணக்கில் மூடினார்களே, அதை ஏன் விழுங்கிவிட்டீர்கள்? அங்கே மையத் தலைவர்களுக்கென்றே தனித் தகுதிப் பயிற்சி வைத்தார்கள். இங்கே மலேசியாவில் 1984-ஆம் ஆண்டுக் குழந்தைக் காப்பகச் சட்டப்படி நான்கு வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளை சமூக நல இலாகாவின் பொறுப்பு. 1996-ஆம் ஆண்டுக் கல்விச் சட்டப்படி நான்கு வயதுப் பிள்ளை பாலர் பள்ளிக்குரியது. இரண்டு இலாகா, இரண்டு கோப்பு. சாவி மட்டும் ஒன்றா?

பட்டர்வொர்த் அம்மா:
என் மகளின் பாலர் வகுப்பு பள்ளியின் பின்கட்டில் இருந்தது. ஒரு நாள் நல்ல மழை. காவலாளி 1.45-க்கே வாசலைப் பூட்டிவிட்டுப் போய்விட்டார். உள்ளே ஆறு பிள்ளைகளும் ஓர் ஆசிரியையும். கம்பி இடுக்கில் குடையை நீட்டினேன். என் மகள் அதைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறாள்! சாவி எங்கே என்றால் தலைமையாசிரியர் பள்ளி வாரியத்தைக் காட்டினார், வாரியம் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தைக் காட்டியது.

பிறை வாசகர்:
பார்த்தீர்களா! ஒரே தலைமை இருந்திருந்தால் இந்தக் கூத்து நடந்திருக்குமா?

செந்தூல் கணக்கர்:
நான் முதலிலேயே கேட்டது இதைத்தானே! ஒரே சாவி, அதுவும் காவலாளியோடு வீட்டுக்குப் போய்விட்டது. அம்மா என் பக்கம்.

பட்டர்வொர்த் அம்மா:
நான் யார் பக்கமும் இல்லை. குடையைப் பற்றிச் சொன்னேன்.

பிறை வாசகர்:
1816-இல் பினாங்கு இலவசப் பள்ளியில் தமிழ் வகுப்பு தொடங்கிய மண் இது. செந்தூலில் இருக்கும் கோலாலம்பூர்க்காரர் எங்களுக்குப் பள்ளி நடத்தக் கற்றுத்தர வேண்டாம்.

செந்தூல் கணக்கர்:
தொடங்கினீர்கள், சரி. அந்த வகுப்பு நீடித்ததா? போன வருடம் விருந்துக் கணக்கில் பதினெட்டு நாற்காலி குறைந்தபோதும் நீங்கள் இப்படித்தான் வரலாற்றுக்குள் போய் ஒளிந்துகொண்டீர்கள்.

பிறை வாசகர்:
நாற்காலிக்கு ரசீது இருக்கிறது!

செந்தூல் கணக்கர்:
ரசீதைப் போடுங்கள், பார்ப்போம். மாலை 6.30-க்குச் சாவி யாரிடம் என்று கேட்டேன். நான்காவது முறையாகக் கேட்கிறேன்.

பிறை வாசகர்:
மூன்றாவது முறை. கணக்கர் என்று பெயர் மட்டும் வைத்துக்கொண்டால் போதாது.