பாப்கார்ன் மெஷினுக்குப் போன ஓபியாய்டு பணம்: ஆலோசனைக் குழு என்ன செய்துகொண்டிருந்தது?

எடிசன் மாமா: சனிக்கிழமை ஒரு பிறந்தநாள் வீட்டில் ஒருவர் அடித்துச் சொன்னார்: "ஓபியாய்டு என்ற அபின் வகை மருந்துகளால் வந்த போதைப் பாதிப்புக்காக மருந்து கம்பெனிகள் கட்டும் வழக்குப் பணத்துக்கு, நியூ ஜெர்சியில் கவுண்டிதோறும், அதாவது மாவட்டம்தோறும், ஆலோசனைக் குழு இருக்கிறது, பொதுமக்களும் உட்காருகிறார்கள், ஒரு டாலர்கூட வீணாகாது." சாப்பிட்ட கேசரி தொண்டையிலேயே நின்றுவிட்டது. இங்கே நியூ ஜெர்சியிலேயே இருக்கிற இர்விங்டன் டவுனின் கதை தெரியாதா அவருக்கு? அந்தப் பணத்தில் 2023, 2024 என்று இரண்டு வருடம் கச்சேரி வைத்தார்கள். 6,32,000 டாலர் வீண் என்று அரசுச் செலவைத் தணிக்கை செய்யும் மாநில கம்ப்ட்ரோலர் அலுவலகமே அறிக்கை விட்டது. சொகுசு டிரெய்லர், பாப்கார்ன் மெஷின் எல்லாம் கணக்கில் இருக்கிறது. பாப்கார்ன் மெஷின் ஐயா! குழு அப்போது தூங்கிக்கொண்டிருந்ததா?

பிஸ்கடவே சுந்தரி: அப்படிச் சொன்னவர் என் கணவர்தான். அங்கேயே கேட்டிருக்கலாமே மாமா? இரண்டாவது தட்டு கேசரிக்கு வரிசையில் நின்றபோது வாய் திறக்கவில்லை. அவர் பேசியது கவுண்டிக் குழுவைப் பற்றி. இர்விங்டனுக்கு வந்தது டவுனின் தனிப் பங்கு. கவுண்டிக் குழுவுக்கு அதில் கைவைக்க அதிகாரமே கிடையாது.

எடிசன் மாமா: அதைத்தான் நானும் சொல்கிறேன். அதிகாரம் இல்லாத குழு எதற்கு? பாப்கார்ன் மெஷினைத் தடுக்க முடியாத குழு எதைத் தடுக்கும்?

ராரிட்டன் ரகு: ஒரு நிமிடம். எந்தப் பணம், எந்தக் குழு என்று முதலில் பிரித்துப் பேசலாமா? 2021 ஒப்பந்தத்தில் மெக்கெசன், கார்டினல், அமெரிசோர்ஸ்பெர்கன், ஜான்சன் அண்ட் ஜான்சன் ஆகிய நான்கு மருந்து கம்பெனிகள் நாடு முழுவதற்கும் ஒப்புக்கொண்டது 26 பில்லியன் டாலர். பல வருடத் தவணை. அதில் குறைந்தது 85 சதவீதம் போதைப் பாதிப்பைச் சரிசெய்யவே போகவேண்டும். நியூ ஜெர்சியில் மாநிலத்துக்குப் பாதி, கவுண்டிகளுக்கும் டவுன்களுக்கும் பாதி. 'சரிசெய்வது' என்றால் என்ன என்பதற்கு நீளமான பட்டியலே இருக்கிறது. சிகிச்சை, ஓபியாய்டு அதிகமானவரின் உயிரைக் காக்கும் நலோக்சோன் மருந்து, மீண்டு வருபவர்களுக்கு வீடு, விழிப்புணர்வு...

எடிசன் மாமா: ரகு தம்பி, அந்தப் பட்டியலில் பாப்கார்ன் எந்த வரியில் வருகிறது? எண்ணைச் சொல்லுங்கள், போதும்.

ராரிட்டன் ரகு: விழிப்புணர்வு என்ற தலைப்பின் கீழ்தான் அவர்கள் வாதம். கம்ப்ட்ரோலர் சொன்னதை டவுன் ஒப்புக்கொள்ளவே இல்லை. மக்களைத் திரட்டிக் களங்க உணர்வைப் போக்கத்தான் நிகழ்ச்சி என்கிறார்கள். நான் அதை நியாயம் என்று சொல்லவில்லை.

எடிசன் மாமா: ஆக, எண் இல்லை. சரி.

வரிகட்டுபவன்: நலோக்சோனும் ஒன்றுதான், பாப்கார்னும் ஒன்றுதான். சும்மா கொடுத்தால் தைரியம்தான் வரும். கஞ்சா அடிக்கிறவனுக்கு என் வரிப்பணத்தில் மருந்தா?

மருந்துக்கடை மாலா: அண்ணே, கஞ்சா ஓபியாய்டு இல்லை. நலோக்சோன் கஞ்சாவுக்கு வேலையே செய்யாது. அப்புறம் இது உங்கள் வரிப்பணமும் இல்லை, மருந்து கம்பெனிகள் கட்டும் பணம். ஃபென்டனில் என்ற கடுமையான ஓபியாய்டு அதிகமாகி மூச்சு நிற்கப் போகிறவரின் மூக்கில் அடிக்கிற ஸ்பிரே அது. உயிர் போன பிறகு யாருக்குத் தைரியம் வந்து என்ன? 2023 ஜனவரியிலிருந்து இந்த மாநிலத்தில் 14 வயது ஆன யாரும் திட்டத்தில் இருக்கிற ஃபார்மசிக்குப் போய் இலவசமாக வாங்கலாம், பெயர்கூடச் சொல்லவேண்டாம். வாங்க வருகிறவர்களை நான் தினம் பார்க்கிறேன். நம் ஊர் அம்மா ஒருவர் காரைப் பக்கத்துக் கடை வாசலில் நிறுத்திவிட்டு வருவார். மகனுக்கு என்று சொல்லமாட்டார், "சும்மா வீட்டில் இருக்கட்டும்" என்பார். அப்படிப்பட்டவர் கவுண்டிக் கூட்டத்தில் எழுந்து மைக் பிடிப்பாரா? அந்த மாதிரி வீட்டிலிருந்து ஒரு ஆளாவது குழுவில் உட்காரவேண்டும் என்பதுதான் என் கவலை. நீங்கள் பாப்கார்னை விடமாட்டேன் என்கிறீர்கள்.

எடிசன் மாமா: மாலா, உங்கள் சேவைக்குக் கும்பிடு. ஆனால் அந்த அம்மாவின் மகனுக்கு வந்த பணத்தில்தானே சோளம் பொரித்தார்கள்?

சொல்வேலி: குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். பாப்கார்ன் அல்ல, சோளப்பொரி. இழையின் தலைப்பையும் திருத்தினால் நல்லது.

பிஸ்கடவே சுந்தரி: ஐயா, நாடு முழுக்க 2022ல் மட்டும் ஒரு லட்சத்துக்கு மேல் மக்கள் போதை அதிகமாகிச் செத்தார்கள். உங்களுக்குப் பொரி.

சொல்வேலி: சாவைத் தமிழில் எழுதினால் யாருக்கு நஷ்டம்?

ராரிட்டன் ரகு: விஷயத்துக்கு வருவோம். சிகரெட் கம்பெனிகளோடு மாநிலங்கள் போட்ட 1998 புகையிலை ஒப்பந்தம் நினைவிருக்கிறதா? 46 மாநிலங்கள் கையெழுத்திட்டன. புகைப்பழக்கத்தைத் தடுக்கப் போனது சொற்பம், மீதியைச் சாலைக்கும் பட்ஜெட் ஓட்டைக்கும் கரைத்தார்கள். அந்தச் சூட்டினால்தான் இந்த முறை 85 சதவீத விதி வந்தது. குழு வெறும் ஆலோசனைதான், உண்மை. ஆனால் சொன்ன ஆலோசனையை மீறினால் மீறினார்கள் என்று ஊருக்குத் தெரியும். 2025 ஜூன் மாநில பட்ஜெட்டில் இதே பணத்தில் 45 மில்லியன் டாலரைப் பெரிய மருத்துவமனை நிறுவனங்களுக்குத் திருப்பினார்கள். மாநிலத்தின் தலைமைச் சட்ட அதிகாரியான அட்டர்னி ஜெனரலே எதிர்த்துப் பேசினார்.

எடிசன் மாமா: பேசி? பணம் போயிற்றா இல்லையா?

ராரிட்டன் ரகு: போயிற்று.

எடிசன் மாமா: நன்றி. 45 மில்லியனுக்கு எத்தனை பாப்கார்ன் மெஷின் வரும் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறேன்.

ஹோபோக்கன் மாப்பிள்ளை: கணக்கு என்றதும் ஞாபகம் வருகிறது. மாமா பொருளாளராக இருந்த வருடம் சங்கத்தின் பொங்கல் விழாவில் சவுண்டு சிஸ்டத்துக்கு ஆன செலவு ரசீது இன்னும் வரவில்லை. அங்கேயும் ஒரு ஆலோசனைக் குழு இருந்தது. நான் அதில் இருந்தேன். என்னை யாரும் எதுவும் கேட்கவில்லை.

எடிசன் மாமா: மாப்பிள்ளை, ரசீது மெயிலில் அனுப்பியாயிற்று. ஸ்பாம் பெட்டியைப் பாருங்கள். பேச்சை மாற்றவேண்டாம்.

ஹோபோக்கன் மாப்பிள்ளை: ஸ்பாமில் இல்லை. மூன்று வருடமாகப் பார்க்கிறேன்.

வரிகட்டுபவன்: அந்த விழாவில் பாப்கார்ன் இருந்ததே! நானே இரண்டு பாக்கெட் வாங்கினேன்.

எடிசன் மாமா: அது வாடகை மெஷின்! ஸ்பான்சர் கொடுத்தது! அதையும் இதையும் முடிச்சுப் போடுகிறீர்களே, நியாயமா?

பிஸ்கடவே சுந்தரி: மாமா, பாப்கார்ன் இல்லாமல் கூட்டம் வராது என்று அன்று மேடையில் சொன்னதும் நீங்கள்தான். என் கணவர் வீடியோ எடுத்திருக்கிறார்.

எடிசன் மாமா: உங்கள் கணவர் கேசரி வரிசையையும் எண்ணுவார், வீடியோவும் எடுப்பார், கவுண்டிக் கூட்டத்துக்கு மட்டும் போகமாட்டார். நான் போயிருக்கிறேன். இரண்டு தடவை. மேசைக்கு அந்தப் பக்கம் அதிகாரிகள், சிகிச்சை மையம் நடத்துகிறவர்கள். இந்தப் பக்கம் நாங்கள் நான்கு பேர். மூன்று நிமிடம் பேச விட்டார்கள், குறித்துக்கொண்டோம் என்றார்கள்.

மருந்துக்கடை மாலா: நீங்கள் மூன்று நிமிடத்தில் என்ன பேசினீர்கள் மாமா?

எடிசன் மாமா: இர்விங்டன் பற்றி.

மருந்துக்கடை மாலா: அது வேறு கவுண்டி மாமா.

எடிசன் மாமா: பாப்கார்னுக்கு கவுண்டி எல்லை உண்டா?

சொல்வேலி: சோளப்பொரி.

ஹோபோக்கன் மாப்பிள்ளை: ரசீது.