குடும்ப குரூப்: ரோம் போற பிரியாவுக்கு

பிரியா: ரோம்ல ஒரு நாள் மிச்சம். ஃபவுண்டன் தோட்டத்தோட இருக்கற பழைய மாளிகை வில்லா டெஸ்தே போலாம்னு பார்த்தா மேப் கோமோ ஏரிக்கரைய காட்டுது 🤔

முரளி சித்தப்பா: அது செர்னோபியோல இருக்கற ஹோட்டல்மா, பேரு மட்டும் ஒண்ணு. நீ தேடறது ரோம் பக்கத்துல திவோலிங்கற ஊர்ல, "திவோலி" சேர்த்துத் தேடு. மெட்ரோ பி லைன்ல போன்தே மம்மோலோ இறங்கி, அங்கேர்ந்து கோத்ரால் கம்பெனி பஸ்.

உஷா அத்தை: ரோமப் பேரரசர் ஹேட்ரியனோட பழைய வில்லாவும் திவோலிதான், ஆனா அது கீழே சமவெளியில. டெஸ்தே மேட்டு மேல, ஊருக்குள்ள. நடுவழியில இறங்கிடாதே.

கார்த்தி: 51 ஃபவுண்டனாமே. எத்தனை ஹெச்பி மோட்டார்?

முரளி சித்தப்பா: மோட்டாரே கிடையாதுடா. அனியேனே ஆத்துத் தண்ணிய ஊருக்கு அடியில சுமார் 600 மீட்டர் சுரங்கம் குடைஞ்சு கொண்டுவந்தாங்க. மொட்டைமாடி டேங்க் கணக்குதான். 10 மீட்டர் இறக்கத்துக்கு ஏறக்குறைய 1 பார் அழுத்தம். குழாய் உராய்வுல கொஞ்சம் போயிடும், அதனால பீச்சற தண்ணி டேங்க் மட்டத்தைத் தொடாது. உசரமா பீச்சணும்னா கீழ்த் தளத்துக்குத்தான் வரணும்.

உஷா அத்தை: கட்டினவர் கார்டினல் இப்பொலிதோ, போப் ஆறாம் அலெக்சாண்டர் மகள் லுக்ரேசியா போர்ஜியாவோட மகன். போப் பதவி கைக்கு வரலை, 1550ல திவோலி கவர்னர் பதவிதான் வந்துச்சு. தோட்டத்துக்கு பிளான் போட்டவர் கட்டடக் கலைஞர் பிர்ரோ லிகோரியோ. ஹேட்ரியன் வில்லாலேர்ந்து பளிங்கும் சிலையும் பெயர்த்து எடுத்துட்டு வந்தாங்க, அதை மட்டும் மன்னிக்க முடியலை.

பிரியா: அங்க ஒரு ஆர்கன், அதான் குழாய்ல காத்து ஊதற வாத்தியம், தானா வாசிக்குதாமே?

கார்த்தி: தண்ணி எப்படி ஊதும்?

முரளி சித்தப்பா: செங்குத்துக் குழாய்ல விழற தண்ணி காத்தையும் இழுத்துட்டுப் போகும். கீழ மூடின அறை. தண்ணி அங்க அடிச்சு உடையும், காத்து பிரிஞ்சு மேல தங்கும், தண்ணி அடித்துவாரம் வழியா வெளியேறும். தங்கின காத்துக்கு ஆர்கன் குழாயை விட்டா வேற வழி இல்லை. தண்ணியே ஒரு சக்கரத்தையும் சுத்தும். சக்கரம் முள் பதிச்ச உருளைய சுத்தும். முள் நெம்பினா அந்த சுரத்தோட வால்வு திறக்கும்.

முரளி சித்தப்பா: அடித்துவாரம் அளவுலதான் சூட்சுமம். பெருசானா மட்டம் இறங்கி காத்து அது வழியாவே ஓடிடும், சுரம் தொங்கும். சின்னதானா தண்ணி ஏறி காத்துக் குழாய்க்குள்ள வந்துடும்.

கார்த்தி: அப்போ 450 வருஷமா வாசிக்குதா?

உஷா அத்தை: எங்கே! ரொம்ப காலம் ஊமையா கிடந்து, 2003லதான் சரி பண்ணினாங்க. அந்தத் தண்ணில சுண்ணாம்பு ஜாஸ்தி. ஹீட்டர் காயில்ல படியற மாதிரி குழாய் வாயில கெட்டியா படியும். ஒரு பக்கம் படிஞ்சா பீச்சு சாயும், சுத்தி வந்தா அடைச்சிடும். ஆர்கனுக்குக் கூடுதலா ஈரம் வேற, மரத்தையும் தோலையும் ஊற வெச்சிடும்.

பிரியா: வாசிக்கற நேரம்?

உஷா அத்தை: 10:30லேர்ந்து 2 மணி நேரத்துக்கு ஒரு தடவை. கவுண்டர்ல ஒருமுறை கேட்டுக்கோ.

உஷா அத்தை: முக்கியமானது, இப்ப மாளிகை வழியா மேலேர்ந்துதான் உள்ளே விடறாங்க. அந்தக் காலத்துல வாசல் கீழே. விருந்தாளி ஏற ஏறத்தான் ஒவ்வொண்ணா கண்ணுல படணும். அதனால எங்கேயும் நிக்காம மீன் குளம் வரைக்கும் இறங்கிடு. அங்கேர்ந்து திரும்பிப் பார்த்துட்டு ஏறு.

கார்த்தி: குளத்துக்குப் பக்கத்துல பெரிய அருவி மாதிரி இருக்கே, எல்லார் போட்டோலயும் வருது?

உஷா அத்தை: நெப்டியூன் ஃபவுண்டன். 1927ல வந்தது, கார்டினல் அதைப் பார்த்ததே இல்லை 😄 நீ நூறு ஃபவுண்டன் வரிசைல நில்லு பிரியா. ஒரு முனைல ஓவாத்தோ ஃபவுண்டன், அது திவோலி அருவி மாதிரி பண்ணினது. மறு முனைல ரொமெத்தா ஃபவுண்டன், அது குட்டி ரோம்: ஓநாய் சிலை, தண்ணிக்குள்ள படகு, பாய்மரத்துக்குப் பதிலா கூர்முனைக் கல்தூண். நடுவுல ஓடற 3 வாய்க்காலும் ரோமுக்குப் போற ஆறுங்களைக் காட்டறதுக்கு. கீழ் வரிசை மிருக முகங்களைக் கிட்ட போய்ப் பாரு, பாசியும் பெரணியும் மூடி சிலதுக்கு வாய் மட்டும்தான் தெரியும்.

பிரியா: 10:30 பாட்டுக்கு எப்போ கிளம்பணும்?

முரளி சித்தப்பா: 8 மணிக்கு மெட்ரோல இரு. பஸ் டிக்கெட் போக வர ரெண்டையும் ஏறும் முன்னாடியே வாங்கிடு. படியெல்லாம் ஈரம், ஷூ போட்டுக்கோ.